மகனுக்கு இதயம் வலப்பக்கம், மகளுக்கு இடப்பக்கம்: இருவருக்கும் ஒரே நோயா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 37 வயது. என் அம்மாவின் கடைசித் தம்பிக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். என் மாமியாரே எனக்கு அம்மாச்சி. மகளுக்கு 16 வயது, மகனுக்கு 9. மகன் நிறைமாதத்தில் பிறந்தவன். ஆனாலும் பிறந்த அன்றே மூச்சுத் திணறி நாலு நாள் ஆக்சிஜனில் வைத்திருந்தார்கள். அன்று தொட்டு மூக்கு ஒழுகாத நாள் இல்லை, சளி கட்டாத மாதம் இல்லை. ஆஸ்துமா என்று பம்ப் கொடுத்தார்கள். ஒரு இடத்தில் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டான். போன வருடம் எடுத்த எக்ஸ்ரேயில்தான் இதயம் வலப்பக்கம் இருப்பதைப் பார்த்தார்கள். ஸ்கேனில் கல்லீரல், மண்ணீரல் எல்லாமே பக்கம் மாறி இருக்கின்றன. மரபணுப் பரிசோதனையில் டிஎன்ஏஎச்5 என்ற மரபணுவின் இரண்டு பிரதியிலும் ஒரே பிழை என்று வந்தது. 'மோட்டார் புரதக் கோளாறு' என்றார் மருத்துவர். இந்த மோட்டார் குளத்துப் பாசியில்கூட உண்டு, அவ்வளவு பழசு என்றும் சொன்னார். அவ்வளவு பழசு என்றால் இத்தனை காலத்தில் சரியாகியிருக்க வேண்டாமா? என் பிள்ளைக்கு மட்டும் ஏன் கெட்டுப்போனது? சொந்தத்தில் கட்டியதால்தான் என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். அம்மாச்சி குலதெய்வக் குற்றம் என்று அழுகிறார். இதற்கு நடுவில் என் அண்ணன் மகனுக்கு என் மகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மகளுக்கும் சின்ன வயதிலிருந்து சளியும் காதில் சீழும் உண்டு. ஆனால் அவளுக்கு இதயம் இடப்பக்கம்தான் இருக்கிறது, அதனால் பயமில்லை என்றார்கள்.
— பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் என் கண் நின்றது. அதிலிருந்தே தொடங்குகிறேன். மகளுக்கு இதயம் இடப்பக்கம் இருப்பதால் அவளுக்கு இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது. யார் சொல்லியிருந்தாலும் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஏன் என்று விளங்க, அந்த மோட்டார் உடம்புக்குள் என்னென்ன வேலை பார்க்கிறது என்று தெரிய வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மூச்சுக்குழாயின் உள்சுவரில், நடவு முடிந்த வயல்போல, நெருக்கமாக மெல்லிய இழைகள் நிற்கின்றன. பள்ளிப் பாடத்தில் குற்றிழை என்று படித்திருப்பீர்கள். மருத்துவமனையில் சிலியா என்போம். ஒரு செல்லின் தலையில் ஏறக்குறைய 200 இழைகள். ஒன்றின் உயரம் ஒரு மில்லிமீட்டரை 150 கூறு போட்டால் வரும் ஒரு கூறுதான். அவை விநாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை, எல்லாம் ஒரே திசையில் அடித்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றின்மேல் படர்ந்திருக்கும் சளி, தூசியையும் கிருமியையும் ஒட்டவைத்துக்கொண்டு தொண்டைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். மூக்கு, முகத்து எலும்பில் இருக்கும் சைனஸ் அறைகள், நடுக்காது எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். உங்கள் மகளின் காதுச் சீழை நான் சும்மா விடாததற்குக் காரணம் அது.

ஓர் இழையைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், சுற்றிலும் ஒன்பது இரட்டைக் குழல்கள், நடுவில் இரண்டு ஒற்றைக் குழல்கள். ஒவ்வொரு இரட்டையிலிருந்தும் பக்கத்து இரட்டையை நோக்கி இரண்டு வரிசைக் கைகள் நீளும்: வெளிவரிசை, உள்வரிசை. அந்தக் கைதான் டைனீன், உங்கள் மருத்துவர் சொன்ன மோட்டார். செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, பக்கத்துக் குழலைப் பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்கும். குழல்கள் கட்டில்லாமல் இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போய்விடும். ஆனால் அடியில் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு மூங்கில் சிம்புகளை அடியில் இறுக்கிக் கட்டி, ஒன்றை மட்டும் மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். வழுக்க முடியாமல் வளையும். இழை அடிப்பது அப்படித்தான்.

இந்தப் புரதத்தை முதலில் பிரித்தெடுத்தது மனித உடம்பிலிருந்து அல்ல. ஹார்வர்டில் இருந்த இயான் கிப்பன்ஸ், டெட்ராஹைமீனா என்ற குளத்து ஒற்றைச் செல் உயிரியின் இழைகளிலிருந்து 1963இல் எடுத்தார். விசையை அளக்கும் 'டைன்' என்ற அலகை வைத்து 1965இல் டைனீன் என்று பெயர் வந்தது.

உங்கள் மகனின் டிஎன்ஏஎச்5 மரபணு, வெளிவரிசைக் கையின் பெரிய துண்டு ஒன்றைச் செய்வதற்கான குறிப்பு. 4,624 அமினோ அமிலங்கள் கோத்த புரதம் அது. நம் உடம்பில் இருக்கும் மிகப் பெரிய புரதங்களில் சேரும். அது இல்லையென்றால் வெளிவரிசைக் கையே அமையாது. இழை அசையாமல் நிற்கும், அல்லது லேசாக நடுங்கும். நாற்று நிற்கிறது, காற்றுதான் இல்லை. சளி இருந்த இடத்திலேயே தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி குடியேறும். ஒன்பது வருடமாக உங்கள் மகனின் மார்பில் நடப்பது இதுதான். நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்த அன்றே மூச்சுத் திணறல், வருடம் முழுவதும் ஈர இருமல், வருடம் முழுவதும் ஒழுகும் மூக்கு, இதயம் வலப்பக்கம். இந்த நான்கும் சேர்ந்து வந்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டிய நோய் இது. மருத்துவப் பெயர் 'பிரைமரி சிலியரி டிஸ்கினீசியா'. காசநோய் மாத்திரையில் போன ஆறு மாதத்துக்காக வருந்துகிறேன். எங்கள் தொழிலில் இந்தத் தவறு அபூர்வமில்லை.

சரி, சளிக்கும் இதயம் பக்கம் மாறுவதற்கும் என்ன சம்பந்தம்? சுவிட்சர்லாந்து மருத்துவர் கார்டஜெனர் 1933இல் இந்த இரண்டும் சேர்ந்து வருவதைத் தெளிவாக எழுதிவைத்தார். காரணம் அவருக்குத் தெரியாது. 1976இல் ஸ்டாக்ஹோமில் அஃப்ஸீலியஸ் இப்படிப்பட்ட ஆண்களின் விந்தணு வாலையும் மூச்சுக்குழாய் இழையையும் வெட்டிப் பார்த்தார். டைனீன் கைகளைக் காணவில்லை. அதோடு நிற்காமல், 'கருவில் ஏதோ ஓர் இடத்தில் இழைகள் அடிப்பதுதான் இடம் வலத்தைத் தீர்மானிக்கிறதோ' என்று ஊகித்தார். அப்படி ஓர் இழை கருவில் அசைவதை அன்று யாரும் கண்டதில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த ஊகம் அது.

அவர் ஊகித்தது சரி. கரு உருவான மூன்றாவது வாரத்தில் அதன் நடுவே ஒரு சிறு குழி தோன்றும். அங்கே இருக்கும் இழைகள் நாற்றுபோல முன்னும் பின்னும் ஆடாமல் பம்பரம்போலச் சுழலும். கொஞ்சம் சாய்ந்து நின்று சுழல்வதால் குழியில் உள்ள நீர் இடப்பக்கம் ஓடும். நீர் வந்து சேரும் பக்கம்தான் 'இது இடது' என்று கரு அறிந்துகொள்கிறது. ஜப்பானில் ஹிரோகவாவின் ஆய்வுக்கூடத்தில் 1998இல் எலிகளில் கேஐஎஃப்3பி என்ற இன்னொரு மோட்டாரை நீக்கினார்கள். அது இழை கட்டுவதற்கான சரக்கை மேலே சுமந்துபோகும் மோட்டார். இழை வளரவில்லை, நீரோட்டம் இல்லை, இதயம் எந்தப் பக்கம் என்பது தாறுமாறானது. 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். எலிக் கருவின்மேல் நீரைச் செயற்கையாக எதிர்த்திசையில் ஓடவிட்டபோது உறுப்புகள் பக்கம் மாறி அமைந்தன.

கவனியுங்கள். நீரோட்டம் எதிர்த்திசையில் ஓடினால்தான் உறுப்புகள் நிச்சயமாகப் பக்கம் மாறும். நீரோட்டமே இல்லையென்றால்? பூவா தலையாதான். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம், மீதிப் பாதிக்கு நம்மைப்போல இடப்பக்கம். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் இருவருக்கும் நோய் இருந்து, ஒருவருக்கு மட்டும் இதயம் பக்கம் மாறியதும் உண்டு. உங்கள் மகனுக்குத் தலை விழுந்தது. மகளுக்குப் பூ விழுந்திருக்கலாம், நோய் இருந்தும்.

ஆகவே இந்த மாதமே செய்ய வேண்டியது இது. மகனின் அறிக்கையில் பிழை இருக்கும் இடம் அச்சாகியிருக்கும். மகளின் ரத்தத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முழு மரபணுத் தொகுதியையும் மறுபடி படிக்க வேண்டாம், செலவு பல மடங்கு குறையும். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் அதே பரிசோதனையைச் செய்துவிடலாம். மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை அளக்கும் கருவி சில பெரிய மருத்துவமனைகளில் உண்டு. இந்த நோயில் அது மிகக் குறைவாக இருக்கும். கிடைத்தால் செய்யுங்கள், கிடைக்காவிட்டால் ரத்தப் பரிசோதனை போதும். காது கேட்கும் திறனையும் அளந்துவிடுங்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி. இவ்வளவு பழைய மோட்டார் இன்னும் ஏன் சரியாகவில்லை?

பாசி பற்றி உங்கள் மருத்துவர் சொன்னது சரிதான். கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசி குளத்திலும் ஈர மண்ணிலும் இருக்கும். முன்பக்கம் இரண்டு கசையிழைகள், அவற்றைக் கைபோல வீசி நீந்தும். அந்த இழையை வெட்டினால் நம் மூச்சுக்குழாய் இழையின் அதே படம்: ஒன்பது இரட்டை, நடுவில் இரண்டு, வெளிவரிசைக் கை, உள்வரிசைக் கை. வெளிவரிசைக் கையை இழந்த பாசி மெதுவாக நீந்தும். அப்படிப்பட்ட பாசிகளை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து, எந்த மரபணு கெட்டது என்று பார்த்தார்கள். இந்த நோய்க்குக் காரணமான முதல் மனித மரபணுவைக் கண்டுபிடித்ததே அந்த வழியில்தான். 1999இல் ஒரு பிரெஞ்சுக் குழு, பாசியின் ஒரு வெளிக்கை மரபணுவுக்கு இணையானதை மனிதரில் தேடி எடுத்து, நோயாளியிடம் அது கெட்டிருப்பதைக் காட்டியது. உங்கள் மகனின் டிஎன்ஏஎச்5க்கும் பாசியில் நேர் இணை உண்டு.

பாசிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 100 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த மூதாதையிடமே இந்த இழை முழுசாக இருந்தது. அதற்கும் முன்னால், ஏதோ ஒரு கட்டத்தில், ஒரே ஒரு டைனீன் மரபணு தவறுதலாக இரண்டு முறை படியெடுக்கப்பட்டு, ஒன்று இரண்டாகி, இரண்டு பலவாகிப் பாகம் பிரிந்திருக்க வேண்டும். இன்று மனிதரில் டைனீனின் பெரிய துண்டுக்கு 15 மரபணுக்கள் உள்ளன. இரண்டு, செல்லுக்குள் சரக்கு சுமக்கின்றன. மீதிப் பதின்மூன்றும் இழை அடிக்கும் வேலையில் இருக்கின்றன. பங்காளிகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீடு ஒன்று, வாசல் வேறு. இந்தப் பங்காளிக் கணக்கு உங்கள் மகனின் எதிர்காலத்துக்கு ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

செல்லுக்குள் மோட்டார் டைனீன் மட்டும் இல்லை. குழலின்மேல் எட்டு நானோமீட்டர் அடி வைத்து நடக்கும் கைனீசின் 1985இல் கணவாய் மீனின் நரம்பிலிருந்து கிடைத்தது. நமக்கு அதில் 45 மரபணுக்கள். தசையைச் சுருக்கும் மயோசின் இன்னொரு கூட்டம். பார்வைக்கு வெவ்வேறான கைனீசினும் மயோசினும் உள்ளுக்குள் ஒரே அச்சு என்று 1996இல் அவற்றின் வடிவத்தை ஒப்பிட்டபோது தெரிந்தது. என்றோ பிரிந்துபோன உடன்பிறப்புகள். டைனீன் அந்த வகையறா இல்லை, முற்றிலும் வேறு குடும்பத்திலிருந்து வந்தது.

இவ்வளவு பழசு என்றால் உறுதியாகியிருக்கும் என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் மரபணு கல்வெட்டு இல்லை, ஏட்டுச்சுவடி. கல்லில் வெட்டியது அப்படியே நிற்கும். ஓலை செல்லரித்துவிடும், ஒவ்வொரு தலைமுறையும் பார்த்துப் படியெடுக்க வேண்டும். படியெடுப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் எங்கோ ஒரு கொம்பு விழும், ஒரு கால் விடுபடும். நம் ஒவ்வொருவரிடமும் பெற்றோரிடம் இல்லாத புதுப் பிழைகள் பல பத்து இருக்கின்றன. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாத இடத்தில் விழுகின்றன. டிஎன்ஏஎச்5 போல நீளமான சுவடியில் பிழை விழ இடம் அதிகம், அவ்வளவுதான்.

பரிணாமம் அந்தப் பிழையைத் திருத்தாதா? திருத்தாது. அதனிடம் எழுத்தாணி கிடையாது. கெட்ட படியை அடுத்த தலைமுறைக்குப் போகவிடாமல் கழிப்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். அதுவும் கேடு வெளியே தெரிந்தால்தான். நமக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி. ஒன்று கெட்டு ஒன்று நன்றாக இருந்தால், டிஎன்ஏஎச்5ஐப் பொறுத்தவரை உடம்பில் ஒரு குறையும் தெரியாது. நீங்களே சாட்சி. அப்படி ஒளிந்திருக்கும் பிழையைக் கழிக்க வழியில்லை, தலைமுறை தலைமுறையாகச் சத்தமில்லாமல் கைமாறும். இரண்டு பிரதியும் கெட்டு, கேடு வெளியே தெரியும்போதுதான் கழிபடும். ஆக, 100 கோடி ஆண்டு இந்த மரபணு நிலைத்தது, கெட்ட படிகள் விடாமல் கழிக்கப்பட்டுக்கொண்டே இருந்ததால்தான்.

கழிப்பது நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. மாஸ் எனும் பாசிச்செடி, பெரணி ஆகியவற்றின் ஆண் செல்கள் ஈரத்தில் நீந்திப் போய்ப் பெண் செல்லைச் சேர்கின்றன. விதை போடும் மரங்களிலும் சைக்கஸ், கின்கோ இரண்டில் இந்தப் பழைய நீச்சல் மிச்சம் இருக்கிறது. 1896இல் ஜப்பானியர் இருவர் இதைக் கண்டபோது தாவரவியலார் அசந்துபோனார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சைக்கஸ் மரங்கள் நிற்கின்றன. ஆனால் பூக்கும் தாவரங்களில் மகரந்தக் குழாயே ஆண் செல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நீந்த வேண்டியதில்லை. நீந்த வேண்டாம் என்றானதும் டைனீன் கெட்டாலும் செடிக்கு நட்டமில்லை. படிப்படியாக அழிந்தே போனது. உங்கள் ஊர் நெல்லிலும் வாழையிலும் தென்னையிலும் டைனீன் மோட்டார் கிடையாது. பாசிக்கும் நமக்கும் இருப்பது தென்னைக்கு இல்லை என்பதை மாணவர்களிடம் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள்.

உங்கள் பிள்ளைக்கு ஏன் என்பதற்கு இப்போது வரலாம். அக்கம்பக்கத்தார் சொல்வது பாதி சரி. அதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொந்தத்தில் கட்டியது பிழையை உண்டாக்கவில்லை. ஏற்கனவே இருந்த பிழையின் இரண்டு பிரதியை ஒரே தொட்டிலில் சேர்த்துவைத்தது.

உங்கள் அம்மாச்சி, தாத்தா இருவரில் ஒருவரிடம் அந்தப் பிழை ஒற்றைப் பிரதியாக இருந்திருக்க வேண்டும். அது அவர்களின் மகளுக்கு, அதாவது உங்கள் அம்மாவுக்கு, வந்து அவர் வழியாக உங்களுக்கு வந்தது. அவர்களின் கடைசி மகனுக்கும் வந்தது. அவர்தான் உங்கள் கணவர். ஒரே ஓலை, இரண்டு வழி. மகனின் இரண்டு பிரதியிலும் அதே பிழை என்று அறிக்கை சொல்வதற்குப் பொருள் இதுதான். இப்படி ஒற்றைப் பிரதி வைத்திருப்பவரை நாங்கள் கேரியர் என்போம். கேரியர் இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு கருவிலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, கேரியராகப் பிறக்க நான்கில் இரண்டு, முற்றிலும் பிழையில்லாமல் பிறக்க நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்ததால் அடுத்ததற்கு வராது என்பதெல்லாம் இல்லை, ஒவ்வொரு முறையும் கணக்கு புதிது. இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்தால், கருவுறும் முன்பே வாருங்கள்.

சொந்தமே இல்லாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. அவர்களில் பலருக்குத் தாய் வழி ஒரு பிழை, தந்தை வழி வேறொரு பிழை இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிஎன்ஏஎச்5 இந்த நோய்க்குக் காரணம் என்று தெரிந்த கதையிலேயே ஓர் அரபுக் குடும்பம் இருக்கிறது, அவர்களும் சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டவர்கள். அவர்கள் கொடுத்த ரத்தத்தை வைத்து 2000இல் ஐந்தாம் குரோமோசோமில் இடம் குறிக்கப்பட்டது. 2002இல் மரபணுவின் பிழைகள் வெளியாயின. உங்கள் மகனின் அறிக்கையில் இன்று ஒரு வரியில் பதில் கிடைப்பது அவர்களால்தான்.

அம்மாச்சியிடம் இதைச் சொல்லுங்கள். குலதெய்வம் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரி ஒளிந்த பிழைகள் எந்தக் குடும்பத்திலும் உண்டு, எனக்கும் உண்டு. எது எங்கே இருக்கிறது என்று என் தாத்தாவுக்கும் தெரியாது, உங்கள் தாத்தாவுக்கும் தெரியாது. தெரியாமல் நடந்ததற்குக் குற்றம் கிடையாது. இப்போது தெரிந்துவிட்டது என்பதுதான் வேறுபாடு.

அதனால்தான் அண்ணன் மகன் விஷயத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. பெண்ணுக்கு 16 வயது. 18 முடியும்வரை சட்டமே அந்தப் பேச்சுக்குக் கதவடைத்திருக்கிறது, அவள் படிக்கட்டும். பிறகும் என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். கணக்கு இதோ. உங்கள் அம்மா கேரியர். அதனால் உங்கள் அண்ணன் கேரியராக இருக்க 2இல் 1 வாய்ப்பு, அவர் மகனுக்கு 4இல் 1. உங்கள் மகளுக்கு நோய் இருப்பது உறுதியானால், அந்தத் திருமணத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 8இல் 1. நோய் இல்லையென்றால் அவள் கேரியராக இருக்க 3இல் 2, அப்போது குழந்தைக்கு 24இல் 1. வெளியில் கட்டினால் இந்த எண்கள் மிக மிகச் சிறியதாகிவிடும். அண்ணன் மகனின் ரத்தத்தைப் பார்த்து அவரிடம் பிழை இல்லை என்று தெரிந்தால் இந்த ஒரு நோயைப் பற்றிய பயம் போகும். ஆனால் ஒரே தாத்தா பாட்டியின் ஓலைகளில் வேறு என்னென்ன பிழை பொதுவாக இருக்கிறது என்பதை அந்த ஒரு பரிசோதனை சொல்லாது. உறவு முறிந்துவிடுமே என்ற கவலை உங்களுக்கு இருக்கும். அண்ணனிடம் 'டாக்டர் வேண்டாம் என்றார்' என்று என்மேல் போட்டுவிடுங்கள். இந்த வேலையில் அந்தப் பழி எனக்குப் பழக்கம்.

மகனின் சிகிச்சைக்கு வருகிறேன். இதைக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. நல்ல மரபணுவை வைரஸில் ஏற்றி அனுப்பலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்கு அதிகம் பயன்படும் ஏஏவி என்ற வைரஸ் சுமக்கக்கூடியது 5,000 எழுத்துக்கும் குறைவு. டிஎன்ஏஎச்5இன் புரதக் குறிப்பு மட்டுமே 13,800 எழுத்துக்கு மேல். வண்டியில் சரக்கு ஏறாது. வேறு வழிகள் ஆய்வில் இருக்கின்றன. 'ஸ்டெம் செல்' என்று சொல்லி யாராவது லட்சக்கணக்கில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் செய்ய நிறைய இருக்கிறது. நுரையீரலைக் காப்பாற்றுவதே குறி. தேங்கிய சளியில் தொற்று வந்து வந்து மூச்சுக்கிளைகள் நிரந்தரமாக விரிந்துபோவதைத் தடுக்க வேண்டும். இழைகள் வேலை செய்யாத பிள்ளைக்கு இருமல்தான் மாற்று மோட்டார். அதனால் இருமலை அடக்கும் சிரப் எதையும் கொடுக்காதீர்கள். வகுப்பில் இருமினால் திட்ட வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். தினமும் காலையும் மாலையும், சளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல் துலக்குவதுபோல மார்புப் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சரியாகக் கற்றுக்கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். அதற்கு முன்னால் உப்புநீர் நெபுலைசர் வைப்பதா என்பதை நுரையீரல் மருத்துவர் முடிவு செய்வார். ஓடட்டும், நீந்தட்டும், பந்து விளையாடட்டும். மூச்சு வாங்க விளையாடுவதைவிட நல்ல சளி மருந்து குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சளியைக் கல்ச்சர் பார்த்து, வளர்ந்த கிருமிக்கு ஏற்ற ஆன்டிபயாட்டிக்கைச் சொன்ன நாள்வரை முழுசாகக் கொடுக்க வேண்டும். கடையில் கேட்டு மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இங்கே உதவாது. தொற்று அடிக்கடி முற்றினால், அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை வாரம் மூன்று நாள் ஆறு மாதம் கொடுத்ததில் முற்றும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2020இல் வந்த ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஆனால் செவித்திறன் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போடுங்கள். விறகுப் புகையும் பீடிப் புகையும் அவன் இருக்கும் அறைக்கு வரக் கூடாது. காதில் குழாய் வைக்கும் அறுவைக்கு அவசரப்படாதீர்கள். இந்த நோயில் அதற்குப் பிறகு சீழ் ஓயாமல் வடியும் தொல்லை உண்டு.

நல்ல செய்தி சொல்கிறேன் என்றேனே. விந்தணுவின் வாலும் இதே வகை இழைதான், அதனால் இந்த நோயுள்ள ஆண்களில் பலருக்குக் குழந்தைப்பேறு சிக்கலாகிறது. ஆனால் பாகம் பிரிந்தபோது விந்தணு வாலின் வெளிவரிசை முக்கியமாக டிஎன்ஏஎச்8, டிஎன்ஏஎச்17 என்ற பங்காளிகளின் பங்குக்குப் போனது. கெட்டது டிஎன்ஏஎச்5 என்பதால், மகனின் விந்தணு அசையவே அசையாது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டியதில்லை. விந்தணு வெளியேறும் வழியிலும் இழைகள் உண்டு, எண்ணிக்கை குறையலாம். வயது வந்த பிறகு ஒரு பரிசோதனையில் தெரியும். தேவைப்பட்டால் ஒற்றை விந்தணுவை எடுத்துக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை இன்று சாதாரணம். மகளுக்கு நோய் உறுதியானால், கருக்குழாயிலும் இழைகள் இருப்பதால் கருத்தரிக்கத் தாமதமாகலாம். பலர் இயல்பாகவே தாயாகிறார்கள். கர்ப்பம் கருக்குழாயிலேயே தங்கிவிடும் அபாயம் சற்று அதிகம் என்பதால், நாள் தள்ளினால் உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதயத்தைப் பக்கம் மாற்றி வைக்க அறுவை உண்டா என்று யாராவது கேட்டால், தேவையே இல்லை. எல்லா உறுப்பும் கண்ணாடி பிம்பம்போல முழுசாகப் பக்கம் மாறியிருப்பது நல்லதே. பாதி மாறி பாதி மாறாமல் இருந்தால்தான் இதயக் கோளாறு கூடவே வரும் வாய்ப்பு அதிகம். எக்கோ எடுக்காமல் இருந்தால் ஒருமுறை எடுத்துவிடுங்கள். அதோடு ஒரு சின்ன அட்டையில் 'உள்ளுறுப்புகள் பக்கம் மாறியவை' என்று எழுதி லேமினேட் செய்து பள்ளிப் பையில் வையுங்கள். குடல்வால் வீங்கினால் இவனுக்கு வலி இடப்பக்கம் வரும். ஈசிஜி ஒயர்களையும் மாற்றி ஒட்ட வேண்டும். அவசரத்தில் பார்க்கும் புது மருத்துவருக்கு அது தெரியாது. ஸ்டெதஸ்கோப்பை இடப்பக்கம் வைத்துத் தேடுகிறவரிடம் 'அந்தப் பக்கம் இல்லை டாக்டர், இந்தப் பக்கம்' என்று அவனே சொல்லப் பழகட்டும். ஒன்பது வயதுப் பையனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.